ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு

ஜனவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லாரும் சுகம், அம்மாவின் முழங்கால் நீங்கலாக. அது யார் பேச்சையும் கேட்பதில்லை, சொந்தக்காரியைப் போலவே. உனக்கு அந்த இருமல் விட்டதா? பேக்கிங் ஷெட்டில் குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வேலை செய்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்காதே. சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் விடுதியில் கொஞ்ச நேரம் போனைக் கையில் தருகிறார்கள். இந்தப் பக்கம் உன் அம்மா பிடித்துக்கொள்கிறாள். நான் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி. பஸ் நின்றதே இல்லை. கடைசியில் எனக்குக் கிடைப்பது "சரிப்பா, வைக்கிறேன்" மட்டும்தான். அதனால்தான் கடைக்குப் பின்னால் காலிப் பெட்டி மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் கடை விலாசத்துக்கே எழுது. வீட்டுக்கு வந்தால் அம்மா முழுதாகப் படித்துவிட்டு எனக்குச் சுருக்கம் சொல்லுவாள்.

கடைச் செய்தி: பழப் பிரிவிலிருந்து தராசைத் தூக்கிவிட்டார்கள். என்னை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். கடையில் எனக்குப் பட்டப்பெயர் தராசு, தராசு போயாச்சு, பெயர் நின்றுவிட்டது. இனி எல்லாம் எண்ணிக்கைக் கணக்குதான், ஒவ்வொரு பழத்திலும் ஸ்டிக்கர். பிஸ்கட் பாக்கெட்டில் நீளமாகப் படுத்திருக்குமே பார்கோடு, அதை ஆரஞ்சில் ஒட்டினால் பழத்துக்குக் கட்டுப்போட்ட மாதிரி இருக்கும். இது குட்டி. கட்டைவிரல் நகத்தளவு. கோடுகள் இரண்டு மாடியாக நிற்கின்றன. அதற்குள் என்ன பழம், எந்த ஷெட், எந்த லைன், எந்தத் தேதியில் பேக் ஆனது எல்லாம் இருக்கிறதாம். பத்தாவது வரை படித்தவன் நான், என்னைப் பற்றி எந்த ஆபீசிலும் இவ்வளவு விவரம் கிடையாது. தேதி தாண்டிய பழத்தை பில் கவுண்டரில் காட்டினால் மெஷின் கத்தும், பில் போடாது.

என் கையில் ஒரு ஸ்கேனர் கொடுத்திருக்கிறார்கள். முதல் ட்ரேயை அடித்துப் பார்த்தேன். உங்கள் ஷெட்! லைன் மூன்று! நீ நிற்கிற லைன்! இன்னொரு தடவையும் அடித்துப் பார்த்தேன். அந்த ஸ்டிக்கரைப் பிய்த்து என் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். உன் கடிதம் வராத வாரத்தில் அதுதான் கடிதம்.

பெருமையில் உப்பிப்போய்,
உன் அப்பா


ஜனவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். இருமல் விட்டுவிட்டது. நீங்கள் லைன் மூன்றைக் கண்டுபிடித்ததைப் படித்து பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "உங்கப்பா உன்னை ஸ்கேன் பண்ணிட்டாரா?" என்கிறாள்.

இங்கே விடுதிக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் வருவதும் போவதும் ஷெட் ஆபீஸ் வழியாகத்தான். அதனால் பதில் தாமதமானால் கோபிக்காதீர்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை. ஞாயிறு மட்டும் ஷெட்டைப் பூட்டிவிடுவார்கள். அன்று துணி துவைத்து, தலை குளித்து, தூங்குவேன். தூக்கம்தான் பெரிய வேலை.

மற்ற கடைகளில் ட்ரேயைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பழத்தைக் கொட்டுகிறார்களாம். நீங்கள் அப்படியில்லை, ஒவ்வொன்றாகத் திருப்பி, ஸ்டிக்கர் முன்னால் தெரிகிற மாதிரி அடுக்குவீர்கள் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உங்கள் கடைக்குப் போகிற ட்ரேயைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அதைக் கொஞ்சம் தடவிவிட்டு அனுப்புவேன்.

அம்மாவின் முழங்காலுக்கு என் விசாரிப்பு.

இவ்வளவு தூரத்திலும் உங்கள் கைக்குள் இருக்கும்,
வாலு


பிப்ரவரி 14

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் சுகம். அம்மா முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கினாள். வீடே மணக்கிறது, வலி மட்டும் போகவில்லை.

நான் அடுக்குவதைப் பார்த்துக் கண்ணாடிக்கார மேனேஜருக்குப் பொறுமை போகிறது. "ஏங்க தராசு, பழம் அடுக்குறீங்களா, பாப்பாவைத் தூங்க வைக்கிறீங்களா?" என்கிறார். பில் போடுகிற பெண் அதற்கு மேல். "சார் ஒரு பழத்தை எத்தனை தடவை ஸ்கேன் பண்ணுவாரு? அதுக்கென்ன காய்ச்சலா?" என்று கேட்டு வரிசையையே சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்துச் சிரிப்பதில் எனக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி.

ஒரு சின்ன விஷயம். நேற்று வந்த லோடில் உன் லைன் ஆரஞ்சு. ஸ்கேனர் காட்டிய தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலண்டரைப் பார்த்தேன். காலண்டர்தான் தப்போ என்று கவுண்டரில் தொங்கும் இன்னொன்றையும் பார்த்தேன். இரண்டும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஞாயிறு என்கின்றன. ஞாயிறு பூட்டு என்று நீ எழுதியிருந்தாய். ஞாயிறும் வேலை வாங்குகிறார்களா? தூங்க விடுகிறார்களா? அதற்காகத்தான் கேட்டேன். வேறொன்றுமில்லை.

வேறொன்றுமில்லை என்று எழுதியவுடன் வேறு ஏதோ இருப்பது போலத் தோன்றுகிறது. விடு.

உன் அப்பா


மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். ஞாயிறு இங்கே விடுமுறைதான். மெஷினில் தேதி தப்பாக விழுந்திருக்கும். தெரியாததைப் பற்றிக் கடிதத்தில் எழுதிக் கேட்க வேண்டாம்.

என்னை லைன் லீடர் ஆக்கியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் நல்லபடி நடத்துகிறார். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் இன்னும் ஒவ்வொரு பழமாகத் திருப்பித்தான் அடுக்குகிறீர்களா? இடுப்பு வலிக்கவில்லையா?

வாலு


மார்ச் 17

அன்புள்ள வாலுக்கு,

சுகம். நீ லைன் லீடர் ஆனதை, கடிதத்தைக் காட்டாமல், மேனேஜர் சொன்னதாகச் சொன்னேன். அம்மா அதைத் தெருமுனை வரை கொண்டுபோய்விட்டாள். தையல்காரர் என்னை நிறுத்தி, "உங்க பொண்ணு ஷெட்டுக்கே மேனேஜராமே" என்றார். இன்னும் இரண்டு தெரு தாண்டினால் ஷெட்டையே உன் பெயருக்கு எழுதிவிடுவார்கள்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எனக்கு யோசிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும், அதனால் எழுதிவிடுகிறேன்.

போன வாரம் ஒருவர் பழத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளைக்கு வாங்கிப்போனாராம். உரித்தால் ஒரு பாதி சக்கை, மறுபாதியில் நடுவில் பூஞ்சை. ஸ்டிக்கரில் தேதி புதுசு. "நல்லாப் பாத்து வாங்குங்க சார்" என்று மேனேஜர் புதுப் பழம் கொடுத்து அனுப்பிவிட்டார். மீதி ட்ரேயை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சில பழங்களில் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் தோல் வட்டமாக வெளுத்திருந்தது, மோதிரம் கழற்றிய விரல் மாதிரி. இரண்டு பழத்தில் அதுகூட இல்லை, பழைய ஸ்டிக்கரே இருந்தது. பின்பக்கம். அதை ஸ்கேன் பண்ணினேன். நவம்பர். முன்பக்கம் மார்ச், லைன் மூன்று. பழத்துக்கும் மறுபிறவி உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கோல்டு ஸ்டோரேஜில் கிடந்த பழையதை எடுத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், அப்படித்தானே? பூட்டிய ஞாயிற்றுக்கிழமையில்? புது ஸ்டிக்கரில் இருப்பது உன் லைன். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் சூப்பர்வைசரைப் பிடிக்க மாட்டார்கள், லைன் லீடரைத்தான் பிடிப்பார்கள். லீடர் என்று பட்டம் கட்டியதே அதற்குத்தானோ?

நீ பயப்படாதே. பழைய ஸ்டிக்கர் இருந்ததையெல்லாம் நான் பிய்த்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. பழத்தையும் பின்பக்கத் தொட்டியில் போட்டுவிட்டேன். இனியும் அப்படியே செய்கிறேன். நீ மட்டும் கவனமாக இரு.

உன் அப்பா


ஏப்ரல் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத நேரமில்லை.

நீங்கள் செய்கிற உதவிக்கு நன்றி சொல்லச் சொன்னார் சூப்பர்வைசர். உன் அப்பா விவரம் தெரிந்த மனிதர் என்றார். இனி அப்படி எதுவும் தவறாது, நானே ஒவ்வொரு ட்ரேயாகப் பார்த்து அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

இடுப்பு வலியோடு குனிந்து குனிந்து ஸ்டிக்கர் பிய்க்க வேண்டாம் அப்பா. அடுக்குவது மட்டும்தான் உங்கள் வேலை. பிய்ப்பது உங்கள் வேலை இல்லை. இன்னும் திருப்பித்தானே அடுக்குகிறீர்கள்?

அம்மாவுக்கு என் விசாரிப்பு.

வாலு


ஏப்ரல் 28

மகளுக்கு,

நான் உனக்கு எழுதியதை அந்த மனிதரிடம் ஏன் காட்டினாய்?

உன்னைக் காப்பாற்ற நான் ஒளிந்து ஒளிந்து செய்த காரியத்துக்கு அவர் நன்றி சொல்கிறார். அப்படியென்றால் நான் உன்னைக் காப்பாற்றவில்லை, அவரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். நீ அவர் பக்கமா? பிய்ப்பது உங்கள் வேலை இல்லை என்று எனக்கே பாடம் நடத்துகிறாய். சொல்வது நீயா, உன் பதவியா?

நேற்றுப் பழப் பிரிவில் ஒரு அம்மா கைக்குழந்தையோடு நின்று ஆரஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் "அது வேண்டாம்மா, ஆப்பிள் எடுத்துக்கோங்க" என்றேன். "ஏன்?" என்றார். ஆப்பிளைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். பழத்துக்கே முதுகைக் காட்டிய பழக்காரன் நான்.

தெரிந்துதான் செய்கிறாயா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டேன். கேட்டதாக வைத்துக்கொள்.

அப்பா


ஜூன் 2

வாலு,

இதை நான் அனுப்பப்போவதில்லை. ஏன் என்று கடைசியில் உனக்கே தெரியும். எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும், வெடித்தால் கூட்டிப் பெருக்க அம்மாவுக்குத்தான் வேலை. அதற்காக எழுதுகிறேன்.

மே மாசம் முழுக்க உன் பதில் இல்லை. போனில் கூப்பிட்டால், "நல்லாருக்கேன்மா, எல்லாரும் காத்திருக்காங்க, வைக்கிறேன்" என்று அம்மாவுக்கே இப்போது சுருக்கம்தான். ட்ரேயிலும் இரட்டை ஸ்டிக்கர் வருவது நின்றுவிட்டது. வெளுத்த வட்டம் மட்டும் வருகிறது. இனி தவறாது என்று எழுதினாயே, தவறவில்லை. கெட்டிக்காரி ஆகிவிட்டாள் என் மகள் என்று லாக்கர் கதவை ஓங்கிச் சாத்தினேன்.

நேற்று மத்தியானம் உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். சண்டை போட ஒரு வார்த்தை அகப்படாதா என்று தேடினேன் என்பதுதான் நிஜம். ஏப்ரல் கடிதத்தின் உறையை மூடப்போனபோது விரல் நின்றுவிட்டது. இத்தனை மாசமாக ஸ்டிக்கரைப் பிய்த்துப் பிய்த்து என் விரலுக்குப் பசை நன்றாகத் தெரியும். உறையின் ஓரத்தில் மேலே ஒரு பசை, அதற்கடியில் காய்ந்துபோன இன்னொரு பசை. நடுவில் காகிதம் கொஞ்சம் உரிந்து நூலாக நின்றது. ஒரு தடவை ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டிய உறை. ஆரஞ்சு மாதிரியே.

எனக்கு முதலில் யார் மேல் சந்தேகம் வந்திருக்கும்? வீட்டுக்குப் போய், "என் பொண்ணு லெட்டரை ஏன் பிரிச்ச?" என்று அம்மாவைக் கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த லெட்டர்?" என்றாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, உனக்கும் எனக்கும் கடிதப் போக்குவரத்து இருப்பதே அவளுக்குத் தெரியாது. "அப்பாவும் பொண்ணும் எனக்குத் தெரியாம லெட்டர் போட்டுக்கறீங்களா? இந்த வீட்ல நான் யாரு?" என்று தொடங்கியது. முடிந்ததும் சொல்கிறேன், இன்னும் முடியவில்லை.

அவள் இல்லை. பில் போடுகிற பெண்ணும் இல்லை. அவள் படித்திருந்தால் இந்நேரம் வரிசைக்கே சொல்லிச் சிரித்திருப்பாள். மார்ச் உறையையும் தடவினேன், அதிலும் இரண்டு பசை. ஜனவரி உறையில் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் எழுதிக் கேட்ட பிறகுதான் இரண்டாவது பசை. எல்லாக் கடிதமும் ஆபீஸ் வழி என்று முதலிலேயே எழுதியிருந்தாய். நான் எழுதியதையும் அங்கேதான் பிரித்திருக்கிறார்கள். நீ அவரிடம் காட்டவில்லை. அவர்தான் உனக்கு முன்னால் படித்துவிட்டு நன்றி சொல்லியனுப்பியிருக்கிறார். அதை நீ எனக்கு எழுதியது, அவர் படிக்கிறார் என்று நான் தெரிந்துகொள்ளத்தான். நான் என்ன செய்தேன்? உன் மேல் பாய்ந்தேன்.

அப்புறம் மூன்று கடிதத்தையும் பெட்டி மேல் வரிசையாக வைத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே விஷயம். ஒவ்வொரு பழமாகத் திருப்பித்தான் அடுக்குகிறீர்களா, திருப்பித்தானே அடுக்குகிறீர்கள். மற்ற கடைகளில் கொட்டுகிறார்கள், என் அப்பா மட்டும்தான் திருப்பிப் பார்ப்பார். அந்தப் பழைய ஸ்டிக்கரை நீ மறந்து விடவில்லை வாலு. எடுக்காமல் விட்டாய். என் கடைக்கு வருகிற ட்ரேயில், என் கைக்கு. வாயால் சொல்ல முடியாததை ஆரஞ்சில் ஒட்டி அனுப்பினாய். நான் கவுண்டரில் காட்டியிருந்தால் மெஷின் கத்தியிருக்கும், உன் ஷெட்டில் நடப்பது வெளியே வந்திருக்கும்.

நான் ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். அதையும் ஒரு கடிதத்தில் எழுதி, அந்த ஆளுக்கே படிக்கக் கொடுத்தேன்.

ஊரில் முட்டாள்களை அடுக்கினால் என்னைத்தான் மேல் வரிசையில், ஸ்டிக்கர் முன்னால் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும்.

அப்பா


ஜூன் 3

அன்புள்ள வாலுக்கு,

எல்லாரும் சுகம். போன கடிதத்தில் வயசான கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. சூப்பர்வைசருக்கு என் வணக்கத்தைச் சொல்.

இடுப்பு ரொம்பப் படுத்துகிறது. நீ சொன்னபடி குனிவதை விட்டுவிட்டேன். நின்ற வாக்கில் அடுக்கும் வேலை மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு பழமாகத் திருப்பித்தான் அடுக்குகிறேன், அந்தப் பழக்கத்தை மாற்ற முடியவில்லை.

அம்மாவுக்கு இப்போது நம் கடிதம் தெரியும். இனி அவளுக்கும் ஒரு வரி எழுது. இல்லையென்றால் எனக்குச் சாப்பாடு இல்லை.

உன் அப்பா


ஜூலை 4

அன்புள்ள வாலுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? சும்மா கேட்கவில்லை. போன ஞாயிறு உங்கள் ஷெட்டுக்குக் கடைத் தலைமை ஆபீசிலிருந்து ஆள் போனதாக மேனேஜர் சொன்னார். அதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை போன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது. அம்மா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், ஆனால் என்ன சாப்பிட்டேன் என்று கேட்காதே.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். என் கடிதம் போன பத்துப் பன்னிரண்டு நாளில் லோடு வந்தது. மூன்று ட்ரேயிலும் வெளுத்த வட்டம்தான். நாலாவது ட்ரேயில், அடி வரிசையில், மூலையில் ஒரே ஒரு பழம். பின்பக்கம் ஒளிந்துகொண்டு இல்லை. நவம்பரும் ஜூனும் பக்கத்தில் பக்கத்தில், நேராக, இரண்டு கண் மாதிரி என்னையே பார்த்தன. உனக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும் அதை ஒட்டும்போது.

அதை மேனேஜரிடம் தனியாகக் காட்டியிருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் சத்தம் பிடிக்காதவர். புதுப் பழம் கொடுத்து அனுப்புகிற கை அது. அதனால் சாயங்காலக் கூட்டத்தில், நானே ஒரு பை எடுத்து, அந்த ஆரஞ்சைப் போட்டு, வரிசையில் நின்றேன். பில் போடுகிற பெண், "என்ன தராசு சார், கடையிலயே வாங்கறீங்க, கட்டுப்படியாகுமா?" என்றாள். "இந்தப் பக்கம் காட்டும்மா" என்று நவம்பரைக் காட்டினேன். மெஷின் கத்தியது பார், பிள்ளை பெற்ற வீடு மாதிரி. சிவப்பு விளக்கு. மேனேஜர் ஓடிவந்தார்.

"ஏதோ பழசு கலந்துருக்கு, விடுங்க, வேற எடுத்துக்கோங்க."

"இப்ப அந்தப் பக்கம் காட்டும்மா" என்றேன். கத்தவில்லை. பில் விழுந்தது. வரிசையில் நின்ற எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "ஒரே பழத்துக்கு ரெண்டு தேதியா?" என்றார் ஒருவர். "அப்ப நேத்து நான் வாங்கிட்டுப் போனது?" என்றார் இன்னொரு அம்மா. அவ்வளவுதான், வரிசை வட்டமாகிவிட்டது.

மேனேஜர் ஸ்கேனரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "லைன் மூணு. யாரு இது? யார் இந்த வேலை பண்றது?"

பையைக் கவுண்டர் மேல் வைத்தேன். "லைன் மூணு என் பொண்ணு சார். அவளைப் பண்ணச் சொல்றாங்க. அவதான் இதை எடுக்காம விட்டு அனுப்பிருக்கா, நாம பாக்கணும்னு" என்றேன்.

கூட்டம் கலையாததால் மேனேஜர் அங்கேயே தலைமை ஆபீசுக்குப் போன் போட்டார், ஞாயிற்றுக்கிழமைத் தேதியையும் நான் சொன்னேன். அப்புறம் என் லாக்கர். உன்னிடம் சொல்லவில்லை, பிய்த்த பழைய ஸ்டிக்கரில் ஒன்றைக்கூட நான் எறியவில்லை. ஷெட் உன்னுடையது, எறியக் கை வரவில்லை. கதவின் உள்பக்கம் உன் ஸ்டிக்கர்களோடு சேர்த்து ஒட்டியிருந்தேன். தலைமை ஆபீஸ்காரர்கள் வந்து போட்டோ எடுத்தார்கள், திருப்தி இல்லை. ஸ்டிக்கரைக் கிளப்பினால் கிழிகிறது. கடைசியில் கதவையே திருகாணி கழற்றி, துணியில் சுற்றி, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். என் லாக்கருக்கு இப்போது கதவு இல்லை. என் சாப்பாட்டு டப்பாவைப் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள்.

இதோடு ஜூன் இரண்டாம் தேதி எழுதி அனுப்பாமல் வைத்திருந்ததையும் சேர்த்திருக்கிறேன். இப்போது யார் பிரித்துப் படித்தாலும் படித்துக்கொள்ளட்டும்.

ஒரு வரி எழுது. சுகம் என்று மட்டும் எழுதினாலும் போதும், நீயே எழுதியதாக இருக்க வேண்டும்.

உன் அப்பா


ஜூலை 25

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கும்,

நான் சுகம். நானேதான் எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு பெரிய கதவை வெளியே பூட்டிவிட்டு உள்ளே லைன் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா ஞாயிறும் அப்படித்தான். நாங்கள் பழைய ஸ்டிக்கரை உரித்து, பழத்தைத் துடைத்து, பெல்ட்டில் விட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் பூட்டைத் திறக்கச் சொல்லி நின்றார்கள். சூப்பர்வைசர் உடனே என்னைக் கைகாட்டினார். "லீடர் இவதான், இவளைக் கேளுங்க. எனக்கு எதுவும் தெரியாது" என்றார். அப்படித்தான் சொல்வார் என்று மார்ச்சிலேயே நீங்கள் எழுதிவிட்டீர்கள். நான் ஒன்றும் பேசுவதற்கு முன் பக்கத்துக் கட்டில்காரி கையைத் தூக்கினாள். "ஸ்டோர் ரூம் சாவி அவர் இடுப்புல இருக்கு, அதைக் கேளுங்க" என்றாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்கினார்கள். பெல்ட் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, ஆரஞ்சு எல்லாம் கடைசியில் போய்க் கீழே விழுந்தன.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஷெட்டை வேறு ஆட்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். லீடர் பட்டம் போய்விட்டது, நல்லது. போன் கையிலேயே இருக்கிறது. ஞாயிறு நிஜமாகவே விடுமுறை. ஆகஸ்ட் முதல் ஞாயிறு வீட்டுக்கு வருகிறேன்.

மே மாசம் உங்கள் கோபக் கடிதத்தை என் முன்னாலேயே சூப்பர்வைசர் படித்துக்காட்டினார். அதனால்தான் பதில் எழுதவில்லை. எழுதினால் அழுகை வந்துவிடும், அதையும் அவர் படிப்பார்.

அப்பா, நீங்கள் அனுப்பாமல் வைத்த கடிதத்தைப் பல தடவை படித்தேன். சிரித்தேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் பிய்த்தது என்னைக் காப்பாற்ற. காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தீர்கள் என்றால், நான் தப்பு செய்கிறேன் என்று நம்பினீர்கள், இல்லையா? ஜனவரியிலிருந்து என்னை ஸ்கேன் பண்ணிப் பண்ணிப் பார்த்தீர்களே, அதில் நான் அப்படியா தெரிந்தேன்?

கோபம் இல்லை. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

உறையை ஒரு ஸ்டிக்கரால் ஒட்டியிருக்கிறேன். புதுசு. அடியில் வேறு பசை இல்லை.

உங்கள் வாலு


ஜூலை 29

அன்புள்ள வாலுக்கு,

இங்கே சுகம். அம்மா முழங்காலைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஒட்டடை அடிக்கிறாள். வருவது மகளா, தலைமை ஆபீஸ் ஆளா என்று தெரியவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு நாலு பதில் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் பயம் என்றேன், ஒன்றில் பாசம் என்றேன், இன்னொன்றில் பழி முழுவதையும் ஸ்கேனர் மேல் போட்டேன். எல்லாம் புது ஸ்டிக்கர்தான், அடியில் இருப்பது ஒன்றுதான்.

ஆமாம். நம்பினேன்.

நகத்தளவு காகிதம் சொன்னதை நம்பினேன். இத்தனை வருஷம் என் முன்னால் வளர்ந்த உன்னை நம்பவில்லை. நீ இரண்டு கடிதத்தில் ஒரே கேள்வியைக் கேட்டாய், நான் இடுப்பு வலி என்று நினைத்தேன். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. வந்து நேரில் திட்டு. அம்மாவிடம் நேரம் கேட்டுவிட்டேன், மத்தியானம் வரை அவள் திட்டும் முறை, அப்புறம் உன் முறை.

உன் உறை வந்தபோது பழப் பிரிவில் நின்றிருந்தேன். ஒரு கையில் உறை, மறு கையில் ஸ்கேனர். உறை மேல் ஆரஞ்சு ஸ்டிக்கர், லைன் நம்பரும் தேதியும் உள்ளே காத்திருக்கின்றன. பில் போடுகிற பெண் கவுண்டரிலிருந்தே பார்த்துவிட்டு, "அடிங்க சார், என்னன்னு பாப்போம்" என்றாள்.

ஸ்கேனரை இடுப்பில் மாட்டிவிட்டேன். ஓரத்தைக் கத்தியால் கீறித்தான் உறையைப் பிரித்தேன். ஸ்டிக்கர் உறையோடு அப்படியே இருக்கிறது. கதவில்லாத லாக்கரில் முன்னால் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன்.

ஞாயிறு விடுமுறை என்று எழுதியிருக்கிறாய். பஸ் நிலையத்தில் காத்திருப்பேன்.

உன் அப்பா